அப்பாவின் பழைய வாட்ச்: கடையில் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

அப்பாவின் காரியம் முடிந்த மறுவாரம் பீரோ லாக்கரைத் திறந்தோம். ஒரு கைக்குட்டை முடிச்சுக்குள் நான்கு வாட்ச் இருந்தன. அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன எச்.எம்.டி. ஜனதா, தாத்தாவின் ஃபாவ்ரே லூபா, பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சீகோ 5, அம்மாவின் டைட்டன்.

துக்கத்தில் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. மறுநாளே ஜனதாவை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்ட முதல் கடைக்குப் போனேன். “புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன் சார்” என்றார் கடைக்காரர். சொன்னபடியே ஆக்கினார். மங்கிய வெண்ணெய் நிறத்தில் இருந்த டயலுக்குப் பளீரென்று வெள்ளை பெயின்ட் அடித்து, வெளிக்கூடான கேஸுக்கு பாலிஷ் போட்டுக் கொடுத்தார். டயலில் 4 மணிக்குப் பக்கத்தில் தேநீர் நிறத்தில் ஒரு கறை இருக்கும். அது போய்விட்டது. பின்மூடியில் அப்பா ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால் தன் இனிஷியலைக் கீறி வைத்திருந்தார். பாலிஷில் அதுவும் போய்விட்டது. அம்மா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடமே கொடுத்துவிட்டாள்.

மற்ற மூன்றையும் ஒழுங்காகச் செய்ய எனக்கு எட்டு மாதம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டு வாட்சுக்கு இந்தக் கதி வர வேண்டாம்.

1. கிடைத்த அன்று எதையும் தொடாதீர்கள்

பழைய வாட்ச் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது சாவி கொடுத்துப் பார்ப்பதுதான். பத்து, இருபது வருடம் லாக்கரில் கிடந்த வாட்சுக்குள் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கரங்களின் மெல்லிய முனைகள் தேயும். ஒருமுறை நாலைந்து சுற்று கொடுத்து, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. ஓடுகிறது என்பதற்காக உடனே கையில் கட்டிக்கொண்டு சுற்றாதீர்கள்.

சாவி இறுகி நின்றால் “யாரோ ஓவரா சாவி கொடுத்துட்டாங்க, ஸ்பிரிங் போச்சு” என்பார்கள். முழுதாகச் சாவி கொடுத்தால் சாவி நிற்கத்தான் செய்யும். அதற்கு மேலும் வாட்ச் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் அழுக்கும் காய்ந்த எண்ணெயும்தான். அதற்கு முறையாக ஒரு சர்வீஸ் செய்தாலே போதும்.

தேதி, கிழமை காட்டும் வாட்சாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை முள் நிற்கும் நேரத்தில் தேதியைச் சாவியால் வேகமாக மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் உள்ளே தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும். திருகினால் பல் உடையும். முள்ளை முதலில் 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு தேதியை மாற்றுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. பேட்டரி வாட்சாக இருந்தால் அன்றைக்கே கடையில் கொடுத்துப் பழைய பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். செத்த பேட்டரி கசிந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டை அரித்துவிடும். அம்மாவின் டைட்டனில் கசிவு தொடங்கியிருந்தது, நல்லவேளையாக இன்னும் பரவவில்லை. 626 நம்பர் பேட்டரி போட்டு 150 ரூபாயில் முடிந்தது.

2. படமும் நோட்டும்

ஒவ்வொரு வாட்சையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முன்பக்கம், பின்மூடி, இரண்டு பக்கவாட்டு, சாவி, ஸ்ட்ராப் கொக்கி என்று குறைந்தது ஆறு படம் எடுங்கள். கறை, கீறல், எழுத்து இவற்றை நெருக்கமாகத் தனியே எடுங்கள். நான் ஜனதாவுக்கு ஒரு படம்கூட எடுக்கவில்லை. அந்த இனிஷியல் எப்படி இருந்தது என்று காட்ட இன்று என்னிடம் எதுவும் இல்லை.

அப்புறம் வீட்டில் கிடைக்கும் காகிதம் எல்லாவற்றையும் சேருங்கள். வாங்கிய பில், வாரன்டி கார்டு, பெட்டி, பழைய ரிப்பேர் ரசீது, வாட்ச் கட்டியபடி எடுத்த கல்யாண போட்டோ. போட்டோவுக்குக் கூடுதலாக ஒரு பயன் உண்டு. அப்போது டயல் என்ன நிறம், முள் என்ன வடிவம் என்று அதில் தெரியும். பின்னால் யாராவது மாற்றியிருந்தால் கண்டுபிடிக்கலாம். தாத்தாவின் வாட்சில் விநாடி முள் பிற்காலத்தில் மாற்றியது என்று 1971-இல் எடுத்த ஒரு குடும்பப் படத்தை உருப்பெருக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். யார் வாங்கினார், எந்த ஊரில், எப்போது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது. நிதானமாகக் கேட்டாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

3. என்ன வாட்ச் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டயலில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பழைய கடைகள் தங்கள் பெயரையே டயலில் போட்டு விற்றதுண்டு. உள்ளே இருக்கும் மிஷின் வேறு கம்பெனியுடையதாக இருக்கும். மிஷினில் பொறித்திருக்கும் எண்தான் உண்மையான அடையாளம். அதைப் பார்க்கப் பின்மூடியைத் திறக்க வேண்டும். வீட்டில் கத்தியை வைத்து நெம்பாதீர்கள், மூடியில் வெட்டு விழும், உள்ளே தூசி போகும். மெக்கானிக் திறக்கும்போது பக்கத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

நம் வீடுகளில் அதிகம் கிடைப்பது எச்.எம்.டி.தான். சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் செய்யத் தொடங்கிய வாட்ச். 2016-இல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது என்றாலும் பயப்பட வேண்டாம். ஜனதா உட்படப் பல மாடல்களில் ஒரே 0231 மிஷின்தான் இருக்கும். அதனால் உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது, பழகிய மெக்கானிக்கும் கிடைக்கிறார்.

சீகோவில் பின்மூடியைப் பாருங்கள். கோடு போட்டுப் பிரித்த எண்ணில் முதல் நான்கு இலக்கம் மிஷினின் எண். எங்கள் வாட்சில் 7009 என்று இருந்தது. தனியாக ஆறு இலக்க எண் ஒன்றும் இருக்கும். அதன் முதல் இலக்கம் தயாரித்த வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 8 என்றால் 1978-ஆ 1988-ஆ என்பதை மாடலை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஃபாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர் போன்ற சுவிஸ் வாட்சுகளில் சிக்கல் இரண்டு. முதலாவது, பாகம் கிடைப்பது கடினம். இன்னொரு பழைய வாட்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டாவது, டயலுக்கு ஏற்கெனவே யாராவது பெயின்ட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். லென்ஸ் வைத்து டயலின் கீழ் விளிம்பைப் பாருங்கள். ஒரிஜினல் டயலில் பொடி எழுத்து முடியிழை போலக் கூர்மையாக இருக்கும். பெயின்ட் அடித்ததில் எழுத்து தடித்து, ஓரம் கலங்கி, சில நேரம் கீழே இருக்க வேண்டிய சின்ன எழுத்தே விடுபட்டிருக்கும். என் ஜனதா திரும்பி வந்தபோது அடிவரி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

தங்கம் என்று நினைத்துச் சந்தோஷப்படுவதற்கு முன் பின்மூடியைப் படியுங்கள். 18 கே அல்லது 0.750 என்ற முத்திரை இருந்தால் தங்கம். 10 மைக்ரான், 20 மைக்ரான் என்றிருந்தால் தங்க முலாம். பின்பக்கம் “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்” என்று எழுதியிருந்தால் அந்த மூடி மட்டுமே ஸ்டீல். முன்பக்கம் பெரும்பாலும் பித்தளை மேல் முலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1960-களுக்கு முந்தைய வாட்சில் முள்ளிலும் எண்களிலும் பழுப்பாகிப்போன ஒளிப்பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளி வராவிட்டாலும் கதிர்வீச்சு போகாது. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1600 வருடம். மூடியிருக்கும் வரை பெரிய தொந்தரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டாதீர்கள், பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள், மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. வீட்டில் பேசி முடியுங்கள்

செலவு செய்வதற்கு முன் யாருக்கு எது என்று முடிவாக வேண்டும். எங்கள் வீட்டில் சீகோவை நான் சர்வீஸ் செய்து கொண்டுவந்த பிறகுதான், பெரியப்பா அதைத் தன் கல்யாணத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார் என்று அக்கா சொன்னாள். அவளிடமே கொடுத்துவிட்டேன். மனஸ்தாபம் இல்லை. ஆனாலும் முதலிலேயே கேட்டிருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டு, யாருக்கு எது என்று எழுத்தில் வந்துவிட்டால் நல்லது. விலையுள்ள வாட்சாக இருந்தால் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உடன்பிறப்புக்கு அனுப்புவதாக இருந்தால், நூறு வயது தாண்டிய பொருள்களை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தொல்பொருள் சட்டம் 1972 தடை போடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். கொள்ளுத்தாத்தாவின் பாக்கெட் வாட்ச் அந்த வயதை நெருங்கியிருந்தால் விசாரிக்காமல் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

5. ரிப்பேரா, அப்படியே வைப்பதா?

இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். “ரிப்பேர்” என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனி வேலைகள். கடையில் மூன்றையும் ஒன்றாகக் கட்டிச் சொல்வார்கள். நீங்கள் பிரித்துக் கேளுங்கள்.

மிஷினை ஓவராயில் செய்வது: முழுவதும் கழற்றி, கழுவி, புது எண்ணெய் வைத்து மாட்டுவது. வாட்சைக் கட்டப் போகிறீர்கள் என்றால் இது தேவை. இதனால் எதுவும் அழியாது.

தேய்ந்த பாகத்தை மாற்றுவது: கண்ணாடி, சாவி, ஸ்ட்ராப், மெயின் ஸ்பிரிங். இவை தேயக் கூடியவை, மாற்றலாம். கழற்றியதைக் கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள். கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்து கீறல் மட்டும் என்றால் மாற்றவே வேண்டாம். பருத்தித் துணியில் கொஞ்சம் டூத்பேஸ்ட் தொட்டுப் பத்து நிமிடம் மெதுவாகத் தேய்த்தால் பாதிக்கு மேல் போய்விடும், ஓரத்தில் ஈரம் இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயல் பெயின்ட், கேஸ் பாலிஷ், புது முலாம்: இது வேண்டாம். என் முடிவு இதில் உறுதியானது. மங்கிய டயல் என்பது அந்த மனிதர் வெயிலிலும் வியர்வையிலும் கட்டிக்கொண்டு நடந்த வருடங்கள். விற்க நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன், சேகரிப்பவர்கள் மங்கிய ஒரிஜினல் டயலுக்குத்தான் அதிகம் கொடுப்பார்கள், பெயின்ட் அடித்ததற்குக் குறைவாகத்தான் கேட்பார்கள். டயல் துருவேறி முள்ளில் தட்டுகிறது, பொடி உதிர்ந்து மிஷினுக்குள் விழுகிறது என்ற நிலையில் மட்டும் வேறு வழியில்லை. அப்போதும் பழைய டயலுக்குப் பெயின்ட் அடிக்காமல், வேறு டயல் வாங்கிப் போட்டுக்கொண்டு பழையதைப் பத்திரப்படுத்துங்கள்.

எதுவுமே செய்யாமல் வைப்பதும் நல்ல முடிவுதான். தாத்தாவின் ஃபாவ்ரே லூபாவுக்கு 4500 ரூபாய் கேட்டார்கள். உள்ளே ஒரு சக்கரம் உடைந்திருக்கிறது, மாற்றுச் சக்கரம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அதைக் கட்டப் போகிறவர் யாரும் இல்லை. 5.40-இல் நின்றது நின்றபடியே அம்மாவின் அலமாரியில் இருக்கிறது.

6. மெக்கானிக்கைப் பார்ப்பது

பேட்டரி மாற்றும் கவுன்டரில் கொடுக்காதீர்கள். சாவி வாட்ச் வேலை தெரிந்தவர் பெரும்பாலும் வயதானவராக, பெரிய கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு, கண்ணில் லென்ஸோடு உட்கார்ந்திருப்பார். பழைய ஜவுளிக் கடைத் தெரு, மார்க்கெட் பக்கம் விசாரித்தால் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருப்பார். போய் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்.

மிஷினை முழுவதும் கழற்றிக் கழுவுவீர்களா, அல்லது மாட்டியபடியே பெட்ரோலில் முக்கி எடுப்பீர்களா? முக்கி எடுப்பதால் இரண்டு மாதம் ஓடும், பிறகு நிற்கும். வேலை முடிந்ததும், வாட்ச் ஓடும் வேகத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் போட்டுக் காட்டுவீர்களா? பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?

இரண்டாவது முறை நான் கண்டுபிடித்த பெரியவர் முதல் கேள்விக்கே பதில் சொல்லாமல், தன் மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். யாருடைய வாட்சோ முழுவதும் பிரிந்து, சக்கரம் சக்கரமாக, கண்ணாடி மூடிக்குக் கீழே வரிசையாக இருந்தது. அவரிடமே கொடுத்தேன்.

“இது இனிமே ஓடாது, 300 ரூபா தர்றேன், வெச்சிட்டுப் போங்க” என்று சொல்பவரிடம் அன்றைக்கே விற்காதீர்கள். ஒன்றுக்கும் உதவாத வாட்சை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

ஒமேகா, ராடோ போன்றவற்றுக்குக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் உண்டு. செலவு பல ஆயிரங்களில் தொடங்கும், பழைய மாடல் என்றால் மாதக்கணக்கில் ஆகும். அங்கே டயலையும் முள்ளையும் புதிதாக மாற்றவும், பாலிஷ் போடவும் சேர்த்தே எஸ்டிமேட் வரலாம். “பாலிஷ் வேண்டாம், டயல் மாற்ற வேண்டாம்” என்று எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் சம்மதம் சொல்ல வேண்டும்.

7. ரசீதில் இருக்க வேண்டியவை

வெறும் “வாட்ச் 1” என்று எழுதிய துண்டுச் சீட்டோடு வந்துவிடாதீர்கள். பாகம் மாறிப்போனால் நிரூபிக்க வழியிருக்காது. பெயர், மாடல், பின்மூடி எண், மிஷின் எண், இப்போதைய நிலை, செய்யப்போகும் வேலை, செய்யக் கூடாத வேலை, மொத்தத் தொகை, அட்வான்ஸ், தரும் தேதி. இத்தனையும் வேண்டும். சின்னக் கடைகளில் இவ்வளவு எழுத மாட்டார்கள். நீங்களே வீட்டில் எழுதிக்கொண்டு போய், ஒரு கையெழுத்து மட்டும் கேளுங்கள். யாரும் மறுத்ததில்லை. அட்வான்ஸ் பாதிக்கு மேல் வேண்டாம். புதுப் பாகம் தேவைப்பட்டால் போனில் கேட்ட பிறகே போட வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

எனக்கு ஆன கணக்கு இது. ஜனதா முதல் கடையில் 850 ரூபாய். அங்கே மிஷினைப் பிரித்துக் கழுவவே இல்லை என்று பிறகு தெரிந்தது. பெரியவரிடம் ஓவராயில் 700 ரூபாய், 12 நாள். சீகோ ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவில் தானே சாவி ஏறும் வகை என்பதால் வேலை அதிகம். 1800 ரூபாய், ஒரு பாகத்துக்காகக் காத்திருந்து ஐந்து வாரம். தீபாவளி, பொங்கலுக்கு முன் கொடுத்தால் இன்னும் தள்ளிப்போகும். கல்யாணத்துக்குக் கட்ட வேண்டும் என்றால் மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

8. திரும்ப வாங்கும்போது

கடையிலேயே மிஷினைத் திறந்து காட்டச் சொல்லி, முன்பு எடுத்த படத்தோடு எண்ணை ஒப்பிடுங்கள். டைம்கிராஃபர் இருந்தால் இரண்டு எண்ணைக் கவனியுங்கள். ஒரு நாளுக்கு எத்தனை விநாடி கூடுதல், குறைவு என்பது ஒன்று. ஐம்பது வருட வாட்சுக்கு 30 விநாடிக்குள் இருந்தால் நல்ல வேலை, ஒரு நிமிடம் வரை குறை சொல்ல வேண்டாம். மற்றொன்று, உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் வீசும் கோணம். முழுச் சாவியில் 250 டிகிரிக்கு மேல் வந்தால் ஆரோக்கியம். 200-க்குக் கீழே என்றால் அழுக்கு இன்னும் உள்ளே இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பத்து நாள் தினமும் ஒரே நேரத்தில், சாவி வாட்ச் என்றால் சாவியும் கொடுத்து, போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். சீகோ வந்த நான்காம் நாள் திடீரென்று ஒன்பது நிமிடம் வேகமாக ஓடியது. இன்னொரு கடையில் பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், 1500 ஆகும் என்றார்கள். பெரியவரிடம் கொண்டுபோனேன். திசை பார்க்கும் ஒரு சாதாரணக் காம்பஸை வாட்ச் மேல் வைத்தார், காம்பஸின் முள் துடித்தது. “ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சீங்களா தம்பி?” என்று கேட்டார். ஆமாம், வைத்திருந்தேன். காந்தம் நீக்கும் பெட்டியில் ஒரு நிமிடம் காட்டி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பின்மூடியில் தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தாலும் கை கழுவும்போது கழற்றிவிடுங்கள், அந்த வாக்குறுதி மூடிக்குள் இருந்த ரப்பர் வளையத்தோடு போய்விட்டது. கட்டாத நாள்களில் தோல் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். தினமும் கட்டினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ்.

அந்தத் தேதியை நினைவில் வைக்க மெக்கானிக்குகளிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. சர்வீஸ் செய்த மாதத்தையும் வருடத்தையும் பின்மூடியின் உட்பக்கம் ஊசியால் கீறி வைப்பார்கள். பெரியவர் ஜனதாவைத் திறந்தபோது மூடியை லென்ஸுக்குக் கீழே என்னிடம் நீட்டினார். உட்பக்கத்தை முதல் கடை தொடவில்லை. 6/74, 11/81, 4/90 என்று மூன்று வரி, மூன்று வேறு கையெழுத்தில் இருந்தன. 11/81 நான் பிறந்த மாதம். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வாட்ச் நின்றுபோனதாக அப்பா சொல்வார். சரிசெய்யக் கொடுத்த தேதி அங்கே இருந்தது. வேலை முடிந்ததும் கீழே நான்காவதாக இந்த மாதத்தைக் கீறச் சொன்னேன். நீங்களும் மறக்காமல் கேளுங்கள், அதற்குத் தனியாகக் காசு கிடையாது.